போட்டோ எடுக்கும்போது காணாமல் போன ஆன்சி

அமரவிளையில் கைக்குழந்தைகள் காப்பகம் ஒன்றில் டீச்சராக இருக்கிறேன். சென்ற பெற்றோர் தினத்துக்கு நானும் உடன் வேலை செய்யும் ஷீபாவும் தோரணம், பாட்டு, சாப்பாடு எல்லாவற்றையும் திட்டமிட்டோம். பெற்றோர்தான் வருகிறார்களே என்று, குழந்தைகளைப் பார்க்க மட்டும் யாரையும் நிறுத்தவில்லை.

பாட்டு முடிந்து போட்டோ எடுக்கும்போது, பத்து மாதக் குழந்தை ஆன்சியின் அம்மா என்னிடம் ஓடிவந்தார்.

"டீச்சரே, பிள்ளை உங்க கையிலயில்லா இருந்தா?"

"இல்லையே! உங்க கையில உண்டுன்னுல்லா நெனச்சேன்."

எப்போதும் பூட்டியிருக்கும் வாசல் கதவும் கேட்டும் விருந்தினருக்காகத் திறந்து கிடந்தன. கேட்டைத் தாண்டினால் ஹைவே. அங்கே ஒரு லாரி ஹாரன் அடித்தது. ரோட்டுக்கு ஓடினேன்.

"டீச்சரே, இங்க உண்டு! செருப்புக்க எடையிலயாக்கும் இருக்கா!" என்று பின்னாலிருந்து ஷீபா கத்தினாள்.

வராந்தாவில் எல்லோரும் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளுக்கு நடுவே, படியின் விளிம்பில் உட்கார்ந்து, ஆன்சி யாருடைய செருப்பு வாரையோ சப்பிக்கொண்டிருந்தாள். வாரியெடுத்த அம்மா வாய்விட்டு அழுதார்.

இப்போது விழா என்றால், வாசலில் நிற்பவர் யார் என்பதைத்தான் முதலில் முடிவு செய்கிறோம். பெற்றோரிடம் குழந்தையைக் கொடுக்கும்போதும், "பிள்ளைய உங்க கையில தந்தாச்சு, கேட்டேளா?" என்று சொல்லி, அவர் "ஆமா" என்ற பிறகே என் கையை எடுக்கிறேன்.