நாய்க்கும் இடம் தந்த ஊர்

வேங்கிக்காலில் எங்கள் வீட்டு மாடியை வாடகைக்கு விட்டிருந்த காலத்தில், ஒரு சித்திரை மாதம் அவர் சென்னையிலிருந்து வந்தார். ஒல்லியான, நரைத்த மனிதர். கூடவே ஒரு கிழட்டுச் செவலை நாய். அதை வாசலில் நிறுத்தும் முன் குனிந்து, உள்ளங்கையைத் தரையில் வைத்துச் சூடு பார்த்தார். எங்கே போனாலும் அவர் அப்படித்தான் செய்வார் என்பதைப் பிறகு கவனித்தேன்.

"ரெண்டு மாசத்துக்கு வேணுங்க. நாய் என்கூடவே இருக்கும்" என்றார்.

"கோடைக்கு எல்லாரும் மலைக்குப் போவாங்க. நீங்க இந்த வெயில்ல இங்க வரீங்களே?"

"ஊட்டி, ஏற்காடு எல்லாம் பாத்தாச்சுங்க. நாயை வெளியில கட்டினாதான் ரூமுன்னு சொல்லிட்டாங்க. இங்க கிரிவலம் வந்தப்போ டீக்கடைக்காரர் ஒருத்தர், நான் கேக்காமலே இவளுக்குத் தண்ணி வெச்சாரு. அதான் இந்த ஊருக்கே வந்துட்டேன்."

சாவியைக் கொடுத்தேன். அடுத்தடுத்த கோடைகளிலும் இருவரும் வந்தார்கள்.

பிறகு ஒரு வருடம் அவர் மட்டும் வந்தார். தை மாதத்தில் நாய் இறந்துவிட்டதாம்.

"இனிமே நீங்க ஊட்டியிலயே தங்கலாமே சார். வெயில் கம்மியா இருக்குமே" என்றேன்.

"தங்கலாங்க. ஆனா அங்க யாருக்கும் அவளத் தெரியாதே" என்றார்.

அந்தக் கோடை முழுவதும் மாடியிலிருந்து பேச்சுச் சத்தமே வரவில்லை. முந்தைய கோடைகளில் அவர் நாயோடு எவ்வளவு பேசியிருக்கிறார் என்பது அந்த அமைதியில்தான் எங்களுக்குத் தெரிந்தது.