மனைவியின் காதுக்கு ஒரு கம்பளிப் பட்டை

என் மனைவி நர்ஸ். காலை ஷிஃப்ட் என்றால் டெல்லி துவாரகாவில் எங்கள் வீட்டிலிருந்து ஐந்தே முக்காலுக்குக் கிளம்பிவிடுவாள். டிசம்பர் வந்தால் மெட்ரோ ஸ்டேஷன் வரைக்கும் இ-ரிக்‌ஷாவில் அடிக்கிற காற்றில் அவளுக்குக் காது வலி தொடங்கிவிடும். குரங்குக் குல்லா வாங்கிக் கொடுத்தேன். போட மாட்டாள்.

"கொண்டை நசுங்கிப் போவுதுல்லா. வார்டுக்குள்ள போயி மறுபடி தலை சீவவா முடியும்?" என்பாள். சால்வையைச் சுற்றிக்கொண்டு போவாள். அது பாதி வழியில் தோளுக்கு இறங்கிவிடும்.

ஒருநாள் மெட்ரோவில் ஒரு பெண், நெற்றியையும் காதையும் மட்டும் மூடுகிற கம்பளிப் பட்டை ஒன்றைப் போட்டிருந்தாள். உச்சந்தலை திறந்திருந்தது, அவளுடைய கொண்டை குலையாமல் நின்றது. இதுதான் வேண்டும் என்று பட்டது. கடையில் வாங்கியிருக்கலாம். ஏனோ நானே பின்னிக் கொடுக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. கரோல் பாகில் இறங்கி ஒரு மெரூன் நிற உல்லன் நூலுண்டையும் குரோஷா ஊசியும் வாங்கினேன்.

"மேடத்துக்கா?" என்று கடைக்காரர் இந்தியில் கேட்டார். ஆமாம் என்றேன். பின்னப்போவது யார் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அவளுக்குத் தெரியாமல் செய்ய வேண்டும் என்பதால் ஆபீசில்தான் பின்னினேன். குளிர்காலத்தில் எங்கள் ஆபீஸ் புல்தரையில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பெண்கள் வெயிலில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவார்கள். நான் ஓர் ஓரமாக உட்கார்ந்து, போனில் வீடியோவைப் பார்த்துப் பார்த்து ஊசியை இழுத்தேன். மூன்றாம் நாள், என் செக்‌ஷனில் எதிர் மேஜையில் இருக்கும் ஹரியானாக்காரப் பெண் எழுந்து வந்து என் கையிலிருந்ததை வாங்கிப் பார்த்தார். சிரிக்கவில்லை. அதற்கு இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன்.

"பாய்சாப், ஒவ்வொரு வரிசையிலும் கடைசிக் கண்ணியை விட்டுவிடுகிறீர்கள். அதனால்தான் குறுகிக்கொண்டே போகிறது" என்று இந்தியில் சொல்லி, நூலைப் பிடித்து ஒரே இழு. மூன்று நாள் உழைப்பு மூச்சு விடுவதற்குள் நூலாகிவிட்டது. பிறகு அவரே முதல் வரிசையைப் போட்டுக் கொடுத்தார்.

மனைவியின் தலையை அளந்தால் விஷயம் தெரிந்துவிடும் என்று என் தலையை அளந்துதான் பின்னினேன். என் தலை பெரிது என்பதும், கம்பளி இழுபடும் என்பதும் எனக்குத் தோன்றவில்லை. முடித்துக் கொடுத்த காலையில் அவள் மாட்டிப் பார்த்தாள். பட்டை மெல்ல வழுக்கி மூக்கில் வந்து நின்றது.

"இத எங்க வாங்குனிய?"

"நானே போட்டேன்."

பட்டையை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்களா?" என்றாள். அப்புறம் அவள் சிரித்து முடிப்பதற்குள், கீழே காத்திருந்த இ-ரிக்‌ஷாக்காரர் இரண்டு முறை போன் அடித்துவிட்டார். பின்பக்கம் ஒரு ஹேர்பின் குத்திக்கொண்டு அதையே போட்டுக்கொண்டு போனாள்.

ஒரு வாரம் போட்டாள். எட்டாம் நாள் சாயங்காலம் வெறும் தலையோடு வந்தாள்.

"வார்டுல ஒரு அம்மா, பீகார்க்காரங்க. வீட்டுக்காரருக்கு ஆபரேஷன். காதுல பஞ்ச வச்சிக்கிட்டு வராண்டாவுல உக்காந்திருந்தாங்க. குடுத்துட்டேன்."

"நல்லதுதான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். சட்னியைத் தொடாமலே இரண்டு தோசையைத் தின்றேன்.

"கோவமா?"

"இல்ல."

"கோவந்தான். மூக்கப் பாத்தாலே தெரியுதே." மூன்றாவது தோசையைத் தட்டில் போட்டாள். "அவங்களுக்கு அது பின்னு இல்லாமலே அளவா இருந்துச்சுங்க. எனக்கு என் தலைக்கு ஒண்ணு போட்டுத் தாங்க."

அந்த ஞாயிறு சர்ச்சுக்குப் போய்வந்ததும் பால்கனி வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். நான் இஞ்ச் டேப்பை அவள் தலையில் சுற்றினேன். ஹரியானாக்காரப் பெண் சொல்லியிருந்தபடி அளவில் இரண்டு இஞ்ச் குறைத்துக்கொண்டேன். சந்தேகம் வந்து இன்னொரு முறை அளந்தேன். பிறகு சந்தேகம் இல்லாமலே மூன்றாம் முறையும்.

"இன்னுமா அளக்கிய? நான் தூங்கிருவேன்" என்றாள், கண்ணை மூடிக்கொண்டே.

இந்த முறை ஒளிக்க ஒன்றுமில்லாததால் வீட்டிலேயே பின்னினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஊருக்குப் போன் பேசுவாள். "எங்க வீட்டுக்காரர் குரோஷா போடுதாவ" என்று தன் அக்காவிடம் அவள் பெருமையடித்தபோது இரண்டு கண்ணிகளைத் தவறவிட்டேன்.

முடிக்கும்போது பிப்ரவரி பாதி தாண்டி, குளிர் விலகத் தொடங்கியிருந்தது. இருந்தாலும் தினமும் போட்டுக்கொண்டு போனாள். ஸ்வெட்டரைக்கூட எடுத்து வைத்துவிட்டாள், பட்டையை மட்டும் விடவில்லை. வேர்க்கவில்லையா என்று கேட்டேன்.

"இல்லையே, சொகமா இருக்கு" என்றாள். அவள் நெற்றியில் பட்டையின் பின்னல் வேர்வையோடு வரி வரியாகப் பதிந்திருந்தது.