ஏழாவது நொதி

குலசேகரம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்தும் அபிதாவுக்கு, செல்கள் உணவிலிருந்து சக்தி எடுக்கும் சிட்ரிக் அமிலச் சுழற்சி தண்ணீர்பட்ட பாடு. சிட்ரேட் சிந்தேஸ், அக்கோனிடேஸ் என்று தொடங்கி எட்டு நொதிகளையும் மூச்சு விடாமல் சொல்லிவிடுவாள். ஒன்று செய்து கொடுப்பதைத்தான் அடுத்தது வாங்கும், வரிசை மாறவே மாறாது என்பாள்.

மாமன் மகன் ரதீஷைத்தான் கட்டியிருந்தாள். மறுவருடம் நந்தனா பிறந்தாள். மாதங்கள் போயும் குழந்தைக்குக் கழுத்து நிற்கவில்லை. தூக்கினால் ஈரத்துணிபோலத் துவண்டாள். பிறகு வலிப்பும் வந்தது. நாகர்கோவிலில் பார்த்தவர்கள் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார்கள்.

குழந்தையின் சிறுநீரில் ஃபியூமரிக் அமிலம் அளவுக்கு மீறி இருக்கிறது என்றார் அங்கிருந்த டாக்டர். மேற்கொண்டு அவர் சொல்லும் முன்பே அபிதாவுக்கு விளங்கிவிட்டது. வரிசையில் ஏழாவதாக நிற்கும் ஃபியூமரேஸ் வேலை செய்யவில்லை. அது மாலேட்டாக மாற்ற வேண்டிய அமிலம் மாறாமல் தேங்கிக் கிடக்கிறது. தாய் தகப்பன் இருவரிடமும் வெளியே தெரியாமல் இருந்த குறை பிள்ளையிடம் ஒன்றுசேர்ந்திருக்கிறது என்ற டாக்டர், சொந்தத்தில் கட்டியதா என்று கேட்டார். ரதீஷ் தலை குனிந்துகொண்டான்.

திரும்பும் வழியில், களியக்காவிளை தாண்டியதும் அவன் கேட்டான்.

"நீ படிப்பிக்கது இதத்தானே அபி. அந்த ஒண்ண மட்டும் மருந்தாட்டு கொடுக்க முடியாதா?"

"முடியாது அத்தான். அது ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் இருக்கணும். வெளிய இருந்து கொண்டுபோய் வைக்க வழியில்ல."

"பின்ன நீ படிச்சது எதுக்கு?"

குத்திக் காட்டவேண்டும் என்று அவன் கேட்கவில்லை.

அவன் கோயில் கோயிலாக நேர்ந்துகொண்டான். அவள் வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களுக்கெல்லாம் மின்னஞ்சல் அனுப்பினாள். பதில்கள் அன்பாகத்தான் வந்தன. மருந்து என்று ஒருவரும் எழுதவில்லை. வலிப்புக்குச் சொட்டுமருந்து, மூக்கில் குழாய் வழியே பால். அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை.

விடுப்பு தீர்ந்து கல்லூரிக்குப் போனபோது அந்தப் பாடம் வந்தது. பலகையில் எட்டையும் எழுதினாள். இதில் பரீட்சைக்கு முக்கியமானது எது என்று ஒருத்தி கேட்டாள். எல்லாமே முக்கியம் என்றுவிட்டு அபிதா தண்ணீர் குடித்தாள்.

ஐப்பசி மழையில் நந்தனாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் கைவிரித்து, இனி வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றார்கள். மறுநாள் மத்தியானம் ரதீஷின் மடியில் கிடந்தபடியே மூச்சு அடங்கியது. அவன் அதை ஒத்துக்கொள்ளாமல் குழந்தையின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"கால் தணுக்குது, ஒரு துணி எடு" என்றான்.

அபிதா எடுத்துவந்து போர்த்திவிட்டாள்.