ஒன்றாம் வகுப்புக்குப் பிள்ளை தேடினேன்

தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். ஒவ்வொரு ஜூனிலும் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். போன ஆண்டு ஆறே பேர்தான் வந்து சேர்ந்தார்கள்.

எங்கள் சந்தேகமெல்லாம் அடுத்த தெருவிலிருந்த ஆங்கிலப் பள்ளியின் மேல்தான். பையும் ஷூவும் கொடுத்து நம் பிள்ளைகளை இழுக்கிறார்கள் என்று பேசிக்கொண்டோம்.

"பிள்ளை இல்லன்னு ஸ்கூல மூடிட்டா இடம் காலி. பில்டிங் கட்ட எவனோ காத்துக்கிட்டு கெடக்கான்" என்றார் எங்கள் தலைமை ஆசிரியர். அதையும் நம்பினேன்.

ஒரு நாள் பள்ளி விட்டதும் நேரே அந்த ஆங்கிலப் பள்ளி வாசலில் போய் நின்றேன். தமிழ் பேசும் அம்மாக்களைப் பிடித்துப் பேசிப் பார்ப்பது என் திட்டம். "உங்களுக்கு எந்த ஊரும்மா?" என்று ஒருத்தியிடம் தொடங்கியதுமே வாட்ச்மேன் வந்து என்னை உள்ளே அழைத்துப் போனான்.

அங்கே தலைமை ஆசிரியை நாகர்கோவில்காரர். என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"எங்க பிள்ளைகளக் கூட்டிட்டுப் போகத்தான நிக்கீங்க?"

"ஒங்க பிள்ளைகளா? எங்ககிட்ட இருந்து நீங்க இழுத்துட்டு வந்த பிள்ளைகள்லா!"

அவர் எழுந்து பக்கத்து வகுப்பறைக் கதவைத் திறந்தார். குட்டி நாற்காலிகள் சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன.

"எல்.கே.ஜி.யையும் யு.கே.ஜி.யையும் ஒண்ணாக்கியாச்சு டீச்சர். எல்லாம் ஒங்க வேலன்னு நான் நெனச்சுட்டு இருக்கேன்."

நான் நம்பவில்லை. நாற்காலியை அடுக்கிக் காட்ட எவ்வளவு நேரமாகும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை, எனக்கு வழக்கமாகப் பிள்ளைகள் வரும் சந்துக்குப் போனேன். முன்பு என்னிடம் படித்த ஒருத்தி அங்கே இருக்கிறாள். குர்லாவில் ஒரு மொபைல் கடையில் அவளுக்கு வேலை. ஒரே மகள், அவளும் நாலாம் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

"அடுத்தது எப்போ?" என்று கேட்டேன்.

அவள் முகம் மாறியது. "யாரு டீச்சர் ஒங்கள அனுப்புனா? எங்க மாமியாரா?"

இல்லையென்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன பிறகுதான் டீ போட்டாள்.

"எங்க அம்மைக்கு நாங்க அஞ்சு பேரு. இந்த ரூம்ல ஒருத்தர் பொரண்டு படுத்தா எல்லாரும் பொரளணும். இப்ப நான் வேலைக்குப் போனா இன்னொண்ண யாரு பாப்பா? மாடியில புதுசா கல்யாணம் ஆனவ ஒண்ணுகூட வேண்டாங்கா."

சந்து முழுக்கக் கதவு கதவாக ஏறி இறங்கினேன். ஒரு வீட்டில் மட்டும் தொட்டில் தொங்கியது. ஆவலாக எட்டிப் பார்த்தேன். உள்ளே துவைத்த துணிகள் கிடந்தன. யாரும் பிள்ளைகளைக் கொண்டுபோகவில்லை. அவர்கள் பிறக்கவே இல்லை. இத்தனை நாளாக யார் மேலோ இருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அந்தத் தலைமை ஆசிரியையிடம் போய்ச் சொன்னேன். இந்த முறை உட்காரச் சொன்னார். ஆனாலும், "எல்லாச் சந்தும் அப்படியா இருக்கும்?" என்று இழுத்தார்.

இந்த ஜூனில் ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் ஒரே அறையில் சேர்த்து என்னிடம் கொடுத்துவிட்டார்கள். நானும் அந்த அம்மாவும் இப்போது அவ்வப்போது சந்தித்துக்கொள்கிறோம். அவர் பள்ளியில் புதிதாக ஒரு முகம் தெரிந்தால் மட்டும், எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.