சட்டையைத் திருப்பிக் கொடுக்கப் பறந்தவன்

டிவியில் சீனப் படம் போட்டால் எங்கள் தோட்டத்து லய வீடுகளில் நான் இல்லாமல் யாரும் பார்க்க மாட்டார்கள். காரணம், படத்துக்குக் கீழே ஓடும் மலாய் எழுத்து. பெரியவர்கள் மலாயில் பேரம் பேசுவார்கள், சண்டைகூடப் போடுவார்கள்; படிக்க மட்டும் வராது. ஐந்தாம் வகுப்பில் இருந்த நான் முன்னால் உட்கார்ந்து, எழுத்து ஓடுகிற வேகத்திலேயே அதைத் தமிழில் சொல்ல வேண்டும். கூலி ஒரு குவளை மைலோ. அப்பாவும் அப்படித்தான். மலாயில் எது வந்தாலும், "என்னான்னு பாரும்மா" என்று என்னிடம் நீட்டுவார். அதனால் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் கூடுதல்தான்.

தொண்ணூறுகளில், ஜாசின் பக்கம் பல தோட்டங்களில் ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனை வைத்துக்கொண்டிருந்த சமயம் அது. அப்பா தோட்டத்து லோரி ஓட்டினார். லோரி வேலையைக் குத்தகைக்காரனிடம் விடப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த அம்மாவின் தம்பி லீவில் வந்திருந்தார். "இங்க இருந்து என்னா செய்யப் போறீங்க மச்சான்? கெளம்பி வாங்கலா, நான் பாத்துக்கிறேன்" என்று மாமா சொல்ல, அப்பாவும் தலையாட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மாலை பஸ்ஸில் இருவரும் போவதாக முடிவாயிற்று.

அம்மா, மிளகாய் அரைத்து வதக்கிய நெத்திலி சம்பாலைப் போத்தலில் அடைத்து அப்பாவின் பையில் வைத்ததோடு சரி. பக்கத்து வரிசையில் அப்படிச் சிங்கப்பூருக்குப் போன ஒருவர் தீபாவளிக்குத்தான் வருவார். அவருடைய பிள்ளைகள் அவரை அங்கிள் என்று கூப்பிடாத குறை. எங்கள் அப்பாவும் அப்படி ஆகிவிடுவார் என்று எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் பெரியவர்கள் பேசி முடித்ததில் நான் போய் மூக்கை நுழைக்க முடியுமா?

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆட்டுக்கறிக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு மாமா பாயில் படுத்துக் குறட்டை விட்டார். டிவியில் ஒரு சீனப் படம். அதில் வங்கிக் குமாஸ்தா ஒருவன், வீட்டில் யாருக்கும் தெரியாமல், பறந்து பறந்து ஊரைக் காப்பாற்றுவான். பறக்கிற நீலச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, மாமியார் கேட்டால் மகளுடைய நடன உடுப்பு என்பான். எரிகிற கட்டடத்திலிருந்து ஒரு கிழவரைத் தூக்கிக்கொண்டு பறக்கும்போது வீட்டுக்குப் பால் வாங்க மறந்தது நினைவுக்கு வர, கிழவரோடு கடை வாசலில் இறங்குவான். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அப்பா மட்டும் கதவோரம் இருந்த பைக்குப் பக்கத்தில் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் குட்டு உடைந்துவிட்டது. ஊருக்குள் ஆள் உருவத்தில் ஒரு ராட்சத இயந்திரம் புகுந்துவிட, அவன் வாசலில் தயங்கி நின்றான். மகள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். ‘போங்கள். எங்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்’ என்று கீழே எழுத்து ஓடியது.

"போவாதீங்க" என்றேன் நான். "ஊர வேற யாராச்சும் பாத்துக்குவாங்க. எங்களுக்கு நீங்க மட்டுந்தான் இருக்கீங்க."

ஆனால் அந்தப் பாவி மனுஷன் அடுத்த நொடியே ஜிவ்வென்று பறந்துவிட்டான்.

"போவாதன்னு சொல்றா, இவன் பாட்டுக்குப் போறானே?" என்றார் பக்கத்து வீட்டு அத்தை.

நான் டிவியை விட்டுத் திரும்பாமலே சமாளித்தேன். "வேலைய விட்டுட்டாரு அத்த. சட்டையத் திருப்பிக் குடுக்கப் போறாரு."

"அந்த இரும்பு ஆளு யாரு? ஏன் அவனப் போட்டு அடிக்கிறான்?"

"அதான் மேனேஜரு. சட்டைய வாங்க மாட்டேங்கிறாரு."

அப்போதுதான் அப்பா சிரித்தார். சாதாரணச் சிரிப்பு இல்லை. கண்ணில் நீர் வழிய, மூச்சு முட்டச் சிரித்தார். மாமா பதறி எழுந்து உட்கார்ந்தார். நல்லவேளை, இயந்திரத்தை உடைத்துப் போட்டுவிட்டு அவன் வீட்டுக்கே வந்து மனைவி மகளோடு சோறு சாப்பிட, படம் முடிந்தது. என் மானமும் தப்பியது.

எல்லாரும் கலைந்த பிறகு மாமா சட்டையை மாட்டிக்கொண்டு, "கெளம்பலாமா மச்சான்?" என்றார்.

"நான் வரல மாப்பிள்ள."

"என்னா மச்சான் இது, பேசி முடிச்சதுதானே?"

"சட்டையத் திருப்பிக் குடுத்தாச்சு" என்றார் அப்பா. தூங்கிக்கொண்டிருந்த மாமாவுக்கு அது எப்படிப் புரியும்? அம்மா வந்து பையைத் திறந்து, சம்பால் போத்தலை எடுத்துத் தம்பியின் கையில் கொடுத்தார். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆசை தீர அழுதேன்.

லோரி வேலை எப்படியும் போகத்தான் செய்தது. அதற்குள் அப்பா, தோட்டத்து அக்காமார்களைப் பத்து பெரண்டாம் என்ற ஊரிலிருந்த தொழிற்சாலைகளுக்கு ஏற்றிச் செல்லும் பஸ்ஸுக்கு ஓட்டுநராகச் சேர்ந்துவிட்டார். இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவார். அப்பாவை நிறுத்தியது என் வாய்தான் என்று எனக்குள் பூரிப்புத் தாங்கவில்லை.

அவர் அந்த வேலையில் சேர்வதற்கு முன் ஒருநாள் என்னை ஜாசினுக்குக் கூட்டிப் போய் துருவிய ஐஸில் பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தார். பஸ் நிலையத்தில் புதிதாக ஒட்டியிருந்த மலாய் அறிவிப்பின் முன்னால் ஒரு பெரியவர் படிக்கத் தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றார். அப்பா அவர் பக்கத்தில் போய், எந்த பஸ் எங்கே நிற்காது, எதற்கு நேரம் மாறியிருக்கிறது என்று வரிவரியாக, ஓர் இடத்திலும் தடுமாறாமல் படித்துத் தமிழில் சொன்னார். நான் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இவ்வளவு படிக்கத் தெரிந்தவர் ஏன் எல்லாவற்றையும் என்னிடம் நீட்டினார், அந்த மனைவி உண்மையில் என்ன சொன்னாள் என்று தெரிந்தும் ஏன் போகாமல் இருந்தார் என்று எனக்கு அன்று கேட்கத் தோன்றவில்லை. கையில் ஐஸ் உருகி வழிகிறதே என்பதுதான் என் கவலையாக இருந்தது.