கொற்கை இளவரசி வைத்த முத்துக்கடை

இந்த ஊரில் புருஷன் துணி துவைத்துக் காயப்போடுகிறான்; பெண்டாட்டி கடையில் உட்கார்ந்து முழங்கை நீளச் சுருட்டைப் புகைத்தபடி வியாபாரம் பார்க்கிறாள். ரங்கூனுக்கு வந்த புதிதில் எனக்கு இது கண்ணைக் கரித்தது. சுருட்டுப் புகையைச் சொல்லவில்லை. நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி மா ஷ்வேயும் அப்படித்தான். 'மா' என்றால் இவர்கள் பாஷையில் அக்காள். கீழே அவளுடைய பட்டுக்கடை. மேலே அரிசி மில் குமாஸ்தாவாகிய நான், மனைவி பிரமு, பதினொரு வயது மகள் செண்பகம். மா ஷ்வே படியேறி வந்தாலே போதும், என் மகள் தேர் பார்ப்பதுபோல வாயைப் பிளந்து நிற்பாள். எனக்கோ கவலை. ஸ்ரீவைகுண்டத்தில் அவளுக்கு மாமன் மகன் காத்திருக்கிறான். தை பிறந்தால் கல்யாணம். ரங்கூனிலேயே பிறந்த அவளுக்குத் தாமிரபரணி என்பது அப்பா பெருமூச்சு விடும் ஒரு பெயர், அவ்வளவுதான்.

பெண்ணுக்கு ஊர்ப்பாசம் ஊட்ட ஒரு சரித்திரக் கதை எழுதினேன். திருநெல்வேலியில் பிள்ளைகளுக்கென்று ஒரு மாதப் பத்திரிகை தொடங்கியிருந்தார்கள், அதற்கும் ஆயிற்று. கொற்கையில் ஒரு பாண்டிய இளவரசி. குனிந்த தலை நிமிராதவள். பன்னிரண்டு வயதில் சிரித்த முகத்தோடு ஆற்றைக் கடந்து மாமன் வீட்டுக்குப் போகிறாள். பாண்டியர் காலம் உமக்கெப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். ஆதிச்சநல்லூர் மேட்டைத் தோண்டியபோது ஓடிப்போய்ப் பார்த்தவன் நான். பெரிய பெரிய தாழிகளும் துருப்பிடித்த வாள்களும் வெளியே வந்தன. அந்தக் காலத்துப் பெண்கள் சிரித்துக்கொண்டு போனார்களா, அழுதுகொண்டு போனார்களா என்பதற்கு மட்டும் ஒரு தாழியும் சாட்சி சொல்லவில்லை. எனக்கு அது வசதியாகப் போயிற்று.

சாயங்காலங்களில் வாசித்துக் காட்டுவேன். "அரமனையில மண்ணெண்ணெய் விளக்கு எரியுதுன்னு எழுதியிருக்கியளே, பாண்டியன் எந்தக் கடையில வாங்குனான்?" என்பாள் செண்பகம். விளக்கை அணைத்துவிட்டுத் தீவட்டி கொளுத்துவேன். பத்திரிகைக்காரர் தம் பங்குக்கு, போலீஸ் கெடுபிடிக்குப் பயந்து, சர்க்காரிடம் விசுவாசமாக இருப்பதே அழகு என்று பாண்டியன் வாயில் ஒரு பிரசங்கத்தைச் செருகி அச்சடித்தார். பாண்டியனேதானே ஐயா சர்க்கார், அவன் யாரிடம் விசுவாசமாக இருக்க?

ஒருநாள் மா ஷ்வே படியில் என்னை மறித்தாள். என் இளவரசி பலே கெட்டிக்காரியாம். சீன வியாபாரியிடம் முத்து விலையை இம்மியும் குறைக்கவில்லையாம். நான் எழுதிய இளவரசி வாசற்படியே தாண்டாதவள். இவள் வேறு எந்தக் கதையையோ சொல்கிறாள் என்று எண்ணி, மரியாதைக்குத் தலையாட்டி வைத்தேன். அவள் மகிழ்ந்துபோய் எனக்கும் ஒரு சுருட்டு கொடுத்தாள். மேலே வந்து விசாரித்ததும் குட்டு உடைந்தது. என் கதையை பர்மிய பாஷையில் சொல்கிறேன் பேர்வழி என்று, செண்பகம் இளவரசிக்குக் கொற்கைத் துறையில் முத்துக்கடையே வைத்துக் கொடுத்திருக்கிறாள்.

"என்ன ளா இது? அந்தக் காலத்துல பொம்பள கடை வச்சாளா?"

"வைக்கலைன்னு நீங்க பாத்தியளா?"

கோபம் வந்தது, திட்டவும் செய்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், என் இளவரசி எங்கள் ஊர்த் தெருப் பெண். இவளுடைய இளவரசி மா ஷ்வே. பாண்டியர் காலத்துப் பெண் இரண்டு கதையிலும் இல்லை. நாளைக்கு எவனாவது எங்களைப் பற்றிப் பிள்ளைகளுக்குக் கதை எழுதினால், அவன் காலத்துக்கு ஏற்றபடி என்னையும் நல்லவனாக்கிவிடுவான். நம்பிவிடாதீர்கள்.

மார்கழியில் மச்சான் கப்பலேறி வந்துவிட்டார், மருமகளை அழைத்துப்போக. பிரமுவின் அண்ணன், ஸ்ரீவைகுண்டத்தில் ஜவுளிக்கடைக்காரர். பத்திரிகையைப் படித்திருந்தார்.

"மருமவளே, கொற்கை இளவரசி புறப்பட்டாச்சா?"

"அப்பாவோட இளவரசி புறப்பட்டாச்சு மாமா. என் இளவரசிக்குச் சோலி கெடக்கு," என்று தன் கதையை ஆரம்பித்தாள். அடுக்களையில் பிரமு பாத்திரம் உருட்டுவதை நிறுத்தினாள். முத்து விலை பேசும் இடம் வந்ததும் மச்சான் சம்மணம் கூட்டி உட்கார்ந்துவிட்டார்.

"மொதல் விலைக்குக் குடுத்துராத ளா. பெறவு?"

"பெறவு ராசா வந்து, கடை போதும், கெளம்பு, மாமன் வீட்டுல தேடுதாங்கன்னு சொன்னாரு."

"கூறுகெட்ட ராசாவா இருக்கானே வே," என்று மச்சான் என்னைப் பார்த்தார். "யாவாரம் சூடு பிடிக்குத நேரத்துல புள்ளைய அனுப்பிட்டா கடைய யாரு பாப்பா? ரெண்டு வருசம் பொறுத்தா மாமன் வீடு என்ன ஓடியா போயிரும்?"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. "அண்ணன் சொன்னா சரிதான்," என்றாள் பிரமு உள்ளேயிருந்து. கல்யாணமான நாளிலிருந்து அவள் எதற்கும் அவ்வளவு வேகமாகச் சம்மதித்ததில்லை. வியாபாரிக்கு வாக்கு மாறத் தெரியாது. "ரெண்டே வருசம்தான்," என்று விறைப்பாகச் சொன்னார் மச்சான். வெளியில் நானும் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்கு அழுகையே வந்துவிட்டது. செண்பகம் இல்லாத சாயங்காலங்களை நினைத்து அத்தனை நாள் பயந்திருக்கிறேன்.

அவரை வழியனுப்பத் துறைமுகத்துக்குப் போனோம். கப்பல் நகர்ந்ததும் செண்பகம் கேட்டாள்: "ப்பா, நான் மாமாகூடப் போயிருந்தா, அங்கன உக்காந்துக்கிட்டு இந்த ஊரைப் பத்திக் கதை எழுதியிருப்பேன், இல்லையா?"

ஊருக்குப் போகும் கப்பலுக்கு ஒரு கையை அசைத்துக்கொண்டே நின்றேன். மற்றக் கையை அவள் பிடித்திருந்தாள்.