ஒடைக்காம கூரை கழட்டுறது

கூரைக்குக் கீழ சொகமா படுத்து போன் நோண்டிக்கிட்டு இருக்குற மச்சான்மாரே, ஒங்களத்தான். மேல இருக்குறது பழைய அஸ்பெஸ்டஸ் சீட்டா? அப்போ ஒரு நாளைக்கு நாங்க வருவோம். ஊரே கூரை போட்டு சம்பாதிக்குது, நாங்க கழட்டி சம்பாதிக்கிறோம். ஏ.எல் படிப்புல பாதியில கழண்ட எனக்கு இத விட பொருத்தமான வேல எங்க கெடைக்கும்?

இது பிலிமத்தலாவையில ரிஸ்வி நானா வீட்டு கத. அடுத்த மாசம் மகளுக்கு கலியாணம். வீட்ட புதுசாக்கணும். சனிக்கெழம கூரை போடுற பாஸ் வாறார், அவர விட்டா மறுபடி புடிக்க ஒரு மாசம். அதுக்குள்ள நாங்க பழைய கூரைய எறக்கணும். ஒரு சீட் ஒடஞ்சாலும் தூசி பறக்கும், அது நுரையீரலுக்குள்ள போனா வெளிய வராது. வீட்ட மூடி சுத்தம் பண்ணவே ரெண்டு நாள் போயிரும். நானாவும் குடும்பமும் அலவத்துகொடயில மாமி வீட்டுல. அவருக்கு கலியாணத்த விட சீட்டு ஒடஞ்சிருமோங்குற கவலதான் பெருசு.

வெள்ளை உடுப்பு

மொத நாள் வெள்ளை ஓவரோல், மாஸ்க், கண்ணாடி எல்லாம் மாட்டிக்கிட்டு வேன்ல இருந்து எறங்குனோம். ரோட்டுல இருந்த வீடெல்லாம் படபடன்னு ஜன்னல சாத்துச்சு. பக்கத்து வீட்டு உம்மா மட்டும் ஒரு வெரல் அளவு தெறந்து கேட்டாங்க: "மகன், நானா வீட்ல எத்தன பேருக்கு கொரோனா?"

தாடி

மாஸ்க் கன்னத்தோட ஒட்டி நிக்கணும், ஓரத்தால காத்து போகக் கூடாது. நானோ ஆறு மாசமா வளத்த தாடியோட நிக்கிறேன். எங்க மேஸ்திரி செல்வம் அண்ணே ஹேவாஹெட்டக்காரர், சிரிப்புன்னா என்னன்னே தெரியாது. என்னைய மேல கீழ பாத்துட்டு சொன்னார்: "தாடி, நுரையீரல். ரெண்டுல ஒண்ண வீட்ல வச்சிட்டு வா."

குளிப்பாட்டு

சீட்ட வெறுமனே கழட்டக் கூடாது. தண்ணி தெளிச்சி நனைக்கணும், போல்ட்ட மெதுவா எடுக்கணும், முழுசா எறக்கி பொலித்தீன் சுத்தி டேப் ஒட்டணும். கேட்டுக்கு வெளிய நின்னு அரை மணி நேரமா எட்டி எட்டிப் பாத்தார் ரிஸ்வி நானா. அப்பறம் கூப்பிட்டார்: "செத்த மய்யித்த மாதிரி குளிப்பாட்டி, கபன் துணியும் சுத்தியாச்சு. பள்ளிவாசல் லெப்பைக்கு செல்லி அனுப்பவா தம்பி?"

குரங்கு

வியாழக்கெழம கடைசி வரிச. கூரையில பலகை போட்டு அது மேலதான் நடக்கணும், சீட்டுல காலே படக் கூடாது. திடீர்னு மடக்னு ஒரு சத்தம், சீட் ரெண்டா போயிருச்சு. பக்கத்து பலா மரத்துல ஒரு குரங்கு ஒக்காந்திருந்திச்சு. நான் யோசிக்கவே இல்ல, ஒடச்சது அதுதான்னு கை காட்டிட்டேன்.

செல்வம் அண்ணே எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லி, வீட்ட மூடி, ஈரத்துணியால மூல முடுக்கெல்லாம் தொடைக்க வச்சார். ரெண்டு நாள் போச்சு. சனிக்கெழம வந்த பாஸ் திரும்பிப் போயிராம, மாமி வீட்டு புரியாணி போட்டு ஞாயித்துக்கெழம வரைக்கும் புடிச்சி வச்சிருந்தார் நானா. வேல முடிஞ்சதும், செல்வம் அண்ணே எடுத்து வச்சிருந்த போட்டோவ நானா வாங்கிப் பாத்தார். ஒடஞ்ச சீட்டு, மேல பாசி, பாசியில ஒரு தடம். அத பெருசாக்கி என் மூஞ்சிக்கு நேர நீட்டினார்: "இந்த ஊரு குரங்கு எட்டாம் நம்பர் பூட்ஸா போடுது தம்பி?"

ஒடைக்காம கழட்டுறதுதான் இந்த தொழிலே மச்சான்மாரே, அன்னைக்கு செல்பி எடுக்க பலகைய விட்டு எறங்கி அத ஒடச்சது நான்தான்.